மூன்றாம் எழுத்தின் வெண்கீற்றுகள்

எங்கள் வீட்டுச் சுவரிலே பத்து நாட்கள் ஐந்து சீனத் தாள்கள் தொங்கின. அந்தப் பத்து நாட்களும் என் நினைவில் ஒரு நீண்ட பகற்கனவாகவே தங்கியிருக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். ரொறன்ரோ நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், ஓர் அறையும் ஒரு ஹோலும் கொண்ட வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியாகிய சித்தப்பா என்று நால்வர் வாழ்ந்தோம். அறை பெற்றோருக்குரியது. ஹோலின் ஒரு சுவரோரம் சித்தப்பாவின் மெத்தையும், எதிர்ச் சுவரோரம் என் படுக்கையாகிய சோபாவும் இருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பா ஊரிலே பெயர்ப்பலகை எழுதுபவராக இருந்தவர். கடைகள், ரியூட்டரிகள் என்னும் தனிப்பாட வகுப்புகள், தனியார் பஸ்கள் என்று அவருடைய தூரிகை படாத பொருள் யாழ்ப்பாணத்தில் குறைவு என அம்மா பெருமையுடன் கூறுவார். நூல் பிடித்துக் கோடடித்து, எழுத்தின் ஓரத்தை முதலில் வரைந்து, உள்ளே பிசிறின்றி நிரப்புவது அவருடைய முறை. ரொறன்ரோவிலோ அவர் ஸ்பதைனா வீதியிலிருந்த ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊறிச் சுருங்கிய விரல்களோடு வீடு திரும்புவார். ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று தூரிகைகள் ஒரு பழைய சாரத்துண்டில் சுற்றப்பட்டுப் பெட்டியின் அடியில் கிடந்தன.

அந்த உணவகத்தின் சமையலறையில் தரை வழுக்கும் என்பதை அறிவிக்க, சித்தப்பா ஒரு காட்போர்ட் மட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதி வைத்தாராம். அவற்றை முதலாளி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். மறுநாள் அவர் ஒரு நீண்ட மட்டைக் குழாயைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார். அதனுள்ளே இருந்தவைதாம் அந்த ஐந்து தாள்கள். முதலாளியின் தமக்கையார் ஹொங்கொங்கிலிருந்து எழுதி அனுப்பியவை அவை. கடையின் பெயரை ஐந்து விதமாக எழுதியிருந்தார். அவற்றுள் பலகைக்குப் பொருந்தக்கூடிய ஒன்றைச் சித்தப்பாவே தெரிந்தெடுத்து, சீனப் புத்தாண்டுக்கு முன் எழுதித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. பலகை நன்றாக அமைந்தால் அதே தெருவிலுள்ள மற்றக் கடைக்காரருக்கும் தாம் சொல்வதாக முதலாளி கூறியிருந்தார். அதாவது, சித்தப்பா கழுவுதொட்டியிலிருந்து கையை எடுக்கலாம்.

"அண்ணி, உதுகளில ஒண்டுக்கு ஏதும் நடந்தால் வேற இல்லை" என்று சித்தப்பா அம்மாவை எச்சரித்தார். "எழுதின அக்கா போன ஐப்பசியில செத்துப் போயிட்டாவாம். கறிச்சட்டியோட உந்தப் பக்கம் வராதேங்கோ."

தாள்கள் கசங்கிவிடும் என்று அஞ்சி, ஊசிகளால் அவற்றைத் தம் மெத்தைக்கு மேலே சுவரில் வரிசையாகக் குத்தினார். நாங்கள் நால்வரும் அவற்றின் முன் அமர்ந்தோம். ஒவ்வொரு தாளிலும் மூன்று எழுத்துகள். திரும்பிவரும் மேகங்களின் மாடம் என்பது அவற்றின் பொருளாம்.

"ஐஞ்சிலயும் அதையே எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"ஐஞ்சிலயும் அதுதான், அண்ணை."

"சும்மா கதை விடாத. உதுக்கும் உதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை."

அப்பா ஐயப்பட்டதில் வியப்பில்லை. முதல் தாளின் எழுத்துகள் ஒரே தடிப்புள்ள கம்பியை வளைத்தாற்போல் இருந்தன. முத்திரைகளில் வெட்டுவதற்கு மிகப் பழைய காலத்திலிருந்து வழங்கும் எழுத்து அது என்று முதலாளி சொன்னாராம். அம்மா அதை உற்றுப் பார்த்து, அச்சில் பிழிந்த முறுக்கு இப்படித்தான் விழும் என்றார். இரண்டாவதன் எழுத்துகள் அகலமாய், தாழ்வாய், கோடுகளின் முனை தோணியின் முன்பக்க அணியம்போல் மேல்நோக்கி எழுந்திருந்தன. அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞர்கள் விரைவாக எழுதுவதற்கென்று உண்டாக்கிய வகை அது எனச் சித்தப்பா விளக்கியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஊரிலே கச்சேரி என்னும் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். "அப்ப உதுதான் திறம். உதையே போடு" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

மூன்றாவது நேர் எழுத்து. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளைப்போல் ஒவ்வொரு கோடும் தன் இடத்தில் நின்றது. நான்காவது நடை எழுத்து. அதே பிள்ளைகள் மணி அடித்ததும் வீட்டுக்குப் புறப்பட்டதுபோல் ஒரு கோடு மற்றொன்றின் கையைப் பற்றிக்கொண்டு சென்றது. ஐந்தாவதைப் புல் எழுத்து என்பார்களாம்.

"மாடு மேய்ஞ்ச புல்லு" என்றார் அப்பா.

எனக்கோ அந்தப் புல் எழுத்துத்தான் பிடித்திருந்தது. மூன்று எழுத்துகளும் ஒன்றாகி, தேநீரிலிருந்து எழும் ஆவிபோல் ஒரே கோடாக மேலேறின. சுவரின் கீழே சூடேற்றியிலிருந்து எழுந்த வெப்பக்காற்றில் தாள்கள் மெல்ல உப்பி மெல்லத் தணிந்தன. சோபாவில் படுத்து அரைக்கண்ணால் பார்க்கும்போது, ஐந்து பேர் சுவரோரம் சாய்ந்து மூச்சுவிடுவதாகத் தோன்றும். பின்பு ஐவரும் ஒருவரே என்று தோன்றும். யன்னலுக்கு அப்பால் பனி விழும். வீட்டினுள்ளே எழுத்துகள் மூச்சுவிடும். நான் உறங்கிப்போவேன்.

சித்தப்பா நான்காவதைத் தெரிந்தெடுத்தார். "மற்றதெல்லாம் நிக்குது, இல்லாட்டிப் பறக்குது. இது நடக்குது. கடைக்குச் சனம் நடந்துதானே வரவேணும்" என்பது அவர் கூறிய காரணம்.

அன்றுமுதல் அவர் அந்தத் தாளின் முன்னே நிற்பதையே தொழிலாகக் கொண்டார். அதன் முதல் எழுத்து கருகருவென்று ஈரம் காயாததுபோல் இருந்தது. இரண்டாவது சற்று மெலிந்தது. மூன்றாவதிலோ தூரிகை வறண்டு, கோடுகளின் நடுவே தாளின் வெண்மை மயிரிழை மயிரிழையாகத் தெரிந்தது. மூன்றையும் ஒரே தடவை தோய்த்த மையில் எழுதியிருக்க வேண்டும். ஒருநாள் காலை சித்தப்பா அந்த வெண்கீற்றுகளருகே முகத்தைக் கொண்டுபோய், தமக்குள் சொல்வதுபோல், "மை முடிஞ்சுபோச்சு, கை நிக்கேல்லை" என்றார்.

அதை நான் கேட்டேன். அந்த அம்மையாருக்கு மை போதாமற்போனது எனக்கு மிகுந்த இரக்கத்தை உண்டாக்கியது. அக்காலத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியை, படத்துக்கு நிறம் தீட்டினால் வெள்ளை இடம் தெரியவே கூடாது என்று கற்பித்திருந்தார். அந்தக் கலையில் நான் ஒரு தங்க நட்சத்திரமும் பெற்றிருந்தேன். ஆகவே மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும், அதிகாலைத் துப்புரவு வேலையின் களைப்பில் அம்மா உறங்கிக்கொண்டிருக்க, சித்தப்பா உணவகத்தில் இருக்க, நான் என் கறுப்பு மார்க்கர் பேனையை எடுத்து மெத்தையின்மேல் ஏறி நின்றேன். மிகவும் பொறுமையாகச் செய்தேன். தாள் மையை ஆவலுடன் குடித்தது. கோட்டுக்கு வெளியே ஓர் இடத்திலும் போகவில்லை. ஒன்பது இடங்களை நிரப்பி முடித்து, கீழே இறங்கிப் பார்த்தபோது மூன்று எழுத்துகளும் ஒரே கறுப்பாக, மிகவும் ஒழுங்காக இருந்தன.

சித்தப்பா அன்றிரவு வருமுன் நான் உறங்கிவிட்டேன். காலையில் கண்விழித்தபோது அவர் தேநீர்க் கோப்பையுடன் தாளின் முன் நின்றார். கோப்பையிலிருந்து ஆவி எழவில்லை.

"ஆர் பிள்ளை இது?"

"நான்தான் சித்தப்பா. மை காணாத இடமெல்லாம் நிரப்பிப்போட்டன்."

குசினியிலிருந்து வந்த அம்மாவும், கோட் அணிந்துகொண்டிருந்த அப்பாவும் அருகே வந்து பார்த்தார்கள். "நல்லாத்தானே கிடக்கு, தம்பி. முந்தி வெளிறிப்போய்க் கிடந்தது" என்றார் அம்மா. அப்பாவும், இப்போதுதான் அரசாங்கக் கடிதத்தில் போடக்கூடிய எழுத்தாக வந்திருக்கிறது என்றார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எழுத்தை மதிப்பவர்கள்.

சித்தப்பா தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு குனிந்து, என் உயரத்துக்கு வந்து, "எங்கெங்க நிரப்பினனீ? ஒருக்காக் காட்டு பாப்பம்" என்றார். நான் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். என் வேலையை அவ்வளவு கவனமாக அதுவரை எவரும் பாராட்டியதில்லை.

அதன்பின் அவர் செய்தவை எனக்கு ஒரு விளையாட்டாகவே தோன்றின. தாளைச் சுவரிலிருந்து கழற்றி யன்னற் கண்ணாடியில் ஒட்டினார். வெளியே வானம் முழுதும் வெண்பனி ஒளி. அந்த ஒளியை முதுகில் தாங்கி, மூன்று எழுத்துகளும் நகரத்துக்கு மேலே, கட்டடங்களின் கூரைகளுக்கு மேலே, ஆகாயத்தில் தொங்கின. அம்மையாரின் மை ஒளியை விடாமல் கருமையாக நின்றது. என் மார்க்கர் மையோ ஊதாப் பூவின் நிறத்தில் ஒளிர்ந்தது. ஒன்பது ஊதாக் கீற்றுகள்! நான் கைதட்டினேன். சித்தப்பா அதன்மேல் ஒரு மெல்லிய எண்ணெய்த் தாளை வைத்து, ஊதா நிறம் தெரிந்த இடங்களையெல்லாம் கூரிய பென்சிலால் பிரதி செய்தார். வேலைக்குப் போகும் நேரம்வரை அங்கேயே நின்றார். அடுத்த நாளும் அப்படியே.

பின்பு தூரிகைகள் பெட்டியிலிருந்து வெளிவந்தன. பழைய பத்திரிகைகளையும் கடை விளம்பரத் தாள்களையும் தரையில் பரப்பிச் சித்தப்பா ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இழுத்தார். தூரிகையைத் துணியில் துடைத்து வறளச் செய்து இழுப்பார். கோடு நிறைந்து வரும். இன்னும் துடைப்பார், கோடு செத்து வரும். ஆயுள் முழுவதும் ஒரு பிசிறும் விழாமல் எழுதப் பழகிய கை, இப்போது பிசிறை வேண்டி நின்றது. அது வரமாட்டேன் என்றது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஊரில ஒரு நூல் பிசகாமல் இழுத்தவன் நீ. கோப்பை கழுவிக் கழுவிக் கை வழுக்கத் தொடங்கியிட்டுது."

"ஓம் அண்ணை. வழுக்கத்தான் பழகிறன்."

"தம்பி, பெயின்ற் மணத்தில எனக்குப் புட்டு இறங்குதில்லை" என்று குசினியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

ஐந்தடி நீளமான பலகைக்குச் சிவப்பு எனாமல் பூசப்பட்டது. எழுத்து பொன்னிறத்தில். முதலிரண்டு எழுத்துகளும் குறையின்றி அமைந்தன. மூன்றாவதை இருமுறை எழுதி, காயுமுன்னே துடைத்து அழித்தார். மூன்றாம் முறை நூலையும் பென்சிலையும் ஒதுக்கி வைத்தார். முழந்தாளிட்டு, கண்களை மூடி, கையைக் காற்றில் நாலைந்து தடவை அசைத்தார். பிறகு மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து, ஓட்டமாக ஓர் இழுப்பு. வேகத்தில்தான் அது இருந்தது போலும். பொன்னின் நடுவே சிவப்பு மயிரிழைகள் தாமாகத் திறந்துகொண்டன.

நான் உள்ளூர வருந்தினேன். அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் சித்தப்பா அதே இடத்தில் பெயின்ற் காணாமல் விட்டுவிட்டாரே!

சனிக்கிழமை காலை, பலகையைப் படுக்கை விரிப்பில் சுற்றி, தெருத் தண்டவாளத்தில் ஓடும் கார்ல்ரன் ஸ்ரீட்காரில் ஏற்றிச் சென்றோம். முதலாளிக்கும் சித்தப்பாவுக்கும் தெரிந்த ஆங்கிலம், கைச்சைகையையும் படத்தையும் சேர்த்தால் மட்டுமே செல்லுபடியானது. ஆகையால் மொழிபெயர்ப்பாளராக நானும் சென்றேன். கடை இன்னும் திறக்கவில்லை. கதிரைகள் மேசைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தன. முதலாளி ஏறக்குறைய ஐம்பது வயதானவர், தோளில் ஒரு வெள்ளைத் துணியுடன் வந்தார். சித்தப்பா விரிப்பை நீக்கினார்.

முதலாளி குனிந்து பார்த்தார். சுட்டுவிரலை உயர்த்தி, பலகையிலிருந்த எழுத்துகளைக் காற்றில் தாமே எழுதத் தொடங்கினார். முதலாவது எழுத்தை மெதுவாக; இரண்டாவதைச் சற்று விரைவாக. மூன்றாவதன் சிவப்புக் கீற்றுகளுக்கு வந்ததும் விரல் பாய்ந்து ஓடி, கோட்டின் முனையில் நின்றது. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் விரல் ஓடியது. பிறகு தாளைக் கேட்டார்.

சித்தப்பா குழாயைக் கொடுப்பதற்கு மிகவும் தாமதித்தார். முதலாளி தாளை மேசையில் விரித்தார். விரலை உயர்த்தினார். முதலெழுத்து, இரண்டாம் எழுத்து. மூன்றாவதில் விரல் காற்றிலேயே வழி தெரியாமல் நின்றுவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று.

யார் செய்தது என்று கேட்டார்.

"மீ, பொஸ்" என்றார் சித்தப்பா.

சித்தப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. என் உழைப்பை அவர் தமதென்று கூறியது எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில், நல்ல தெளிவாக, உண்மையை எடுத்துரைத்தேன். நிரப்பியவள் நானே, அந்த அம்மையாருக்கு மை போதாமற்போனதால் உதவி செய்தேன், சித்தப்பா பலகையில் அதைச் செய்ய மறந்துவிட்டார், ஆயினும் கவலை வேண்டாம், மார்க்கர் என் பையிலேயே இருக்கிறது. சொன்னபடியே பேனையை எடுத்து மூடியைத் திறந்துகொண்டு பலகையருகே போனேன்.

இரு ஆண்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். முதலாளிதான் முந்தினார். மிகவும் மென்மையாக, ஆனால் உறுதியாக, என் விரல்களிலிருந்து பேனையைக் கழற்றி, மூடியை இட்டு, தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"சித்தப்பா, எந்தெந்த இடத்தில விடவேணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

"யன்னலில பிடிச்சுப் பாத்தனான் எண்டு சொல்லு. மிச்சத்தை நீதான் காட்டினனீ எண்டும் சொல்லு."

சொன்னேன். முதலாளி பலகையின் முன்னே ஒரு கதிரையை இறக்கிப் போட்டு அமர்ந்தார். எங்களைப் பாராமலே சிறிது நேரம் பேசினார். நான் கேட்டதைக் கேட்டபடி தமிழாக்கினேன்.

"சித்தப்பா, இவர் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அக்கா சந்தைக்குக் கெதியா நடந்து போவாவாம். இவர் பின்னால ஓடுவாராம். எட்டிப் பிடிக்க ஏலாதாம். உந்த மூண்டாவது எழுத்தில அவ அப்பிடித்தான் போறாவாம்." சற்று யோசித்து, என் சொந்தக் கருத்தையும் சேர்த்தேன். "சந்தைக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம் எண்டு எனக்கு விளங்கேல்லை."

"பரவாயில்லை. நீ சொன்னது போதும்" என்றார் சித்தப்பா.

முதலாளி எழுந்தார். தாளை மிகக் கவனமாகச் சுருட்டி, தம் கணக்குப் புத்தகங்கள் இருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஏணியைத் தாமே கொண்டுவந்தார். இருவரும் கொட்டும் பனியில் நின்று பலகையை வாசலுக்கு மேலே ஏற்றினார்கள். இறங்கியதும் முதலாளி சித்தப்பாவின் ஊறிச் சுருங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டே, நோ டிஷஸ்" என்றார். பிறகு எதிரேயிருந்த மருந்துக்கடையையும் அதற்கடுத்த பேக்கரியையும் சுட்டிக்காட்டி, காற்றில் தூரிகை பிடிப்பதுபோல் செய்து காட்டினார். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் நான் ஸ்ரீட்காரின் யன்னலோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் மார்க்கர் முதலாளியின் சட்டைப்பையிலேயே போய்விட்டது. அதைவிடப் பெரிய துயரம் ஒன்றும் இருந்தது.

"நான் நிரப்பினது வடிவில்லையே, சித்தப்பா?"

"ஆர் சொன்னது?" சித்தப்பா உண்மையிலேயே திடுக்கிட்டவர்போல் திரும்பினார். "இஞ்ச பார். உன்ரை தாளை அவர் என்ன செய்தவர்?"

"அலுமாரீக்குள்ள வைச்சுப் பூட்டினவர்."

"என்ரை பலகை எங்க கிடக்கு?"

"வெளியில. ஸ்னோவுக்குள்ள."

"அப்ப?" என்றார்.

நான் யோசித்தேன். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. நகை, பாஸ்போர்ட், அப்பாவின் பழைய சான்றிதழ்கள் என்று எங்கள் வீட்டிலும் உயர்ந்தவற்றையெல்லாம் பூட்டித்தானே வைத்தோம். என் துயரம் நீங்கியது. அதன் இடத்தில் சித்தப்பாமீது ஆழ்ந்த இரக்கம் பிறந்தது. அவ்வளவு பாடுபட்டு எழுதியும் அவருடைய பலகை பனியில் நனைந்துகொண்டு கிடக்கிறதே! அவருடைய கையை என் இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். மனம் தளரவேண்டாம் என்றும், அடுத்த பலகையில் மூன்றாவது எழுத்தை நானே நிரப்பித் தருவதாகவும் வாக்களித்தேன்.

சித்தப்பா மிகுந்த பணிவோடு, "ஓம் பிள்ளை" என்றார்.